லாரிக்கு ஜி.பி.எஸ்.: வாங்க வேண்டியது பெட்டியா, மேப்பா?

நாமக்கல் பக்கம் ஒரு லாரி எலெக்ட்ரீசியனிடம் போய் "ஜி.பி.எஸ். மாட்டணும்" என்று சொன்னால், "எதுக்குங்க, எஃப்.சி.க்கா (வண்டியின் தகுதிச் சான்றுக்கா), ஓனர் பார்க்கவா, வழி பார்க்கவா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். சரியான கேள்வி. ஒரே பெயரில் நான்கு வேறு வேறு சாமான்கள் புழங்குகின்றன. இதில் ஒன்றை வாங்கிவிட்டு மற்றதன் வேலையை அதனிடம் எதிர்பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. போதாததற்கு, சுங்கச்சாவடிகளை எடுத்துவிட்டு ஜி.பி.எஸ். மூலம் கட்டணம் வசூலிக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

பெயர் ஒன்று, சாமான் நான்கு

1. அரசு கேட்கும் கருவி. ஏ.ஐ.எஸ். 140 என்ற தரத்தில் செய்யப்பட்ட இடங்காட்டி இது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பயணிகள் போக்குவரத்து வாகனங்களுக்கு அவசரப் பொத்தானோடு இது கட்டாயமானது. ஆபத்தான சரக்கு ஏற்றும் நடுத்தர, கனரக வண்டிகளுக்கும் பிறகு வந்தது: புதிய மாடல் என்றால் 2022 செப்டம்பர் 1 முதலும், ஏற்கெனவே உள்ள மாடல் என்றால் 2023 ஜனவரி 1 முதலும் தயாரான வண்டிகளுக்கு. கேஸ் டேங்கர் ஓட்டும் நாமக்கல்காரர்களுக்கு இந்த 140 என்ற எண் புதிதல்ல. வண்டி எங்கே நிற்கிறது என்று வெளியே சொல்வது இதன் வேலை. டிரைவருக்கு இது ஒன்றும் சொல்லாது.

2. ஓனர் பார்க்கும் டிராக்கர். சிம் போட்ட சின்னப் பெட்டி. இஞ்சின் ஓடுகிறதா, எத்தனை மணி நேரம் நின்றது, சென்சார் வைத்திருந்தால் டேங்கில் டீசல் சட்டென்று இறங்கியதா என்பதையெல்லாம் செல்போனுக்கு அனுப்பும். இதுவும் வழி சொல்லாது.

3. டோல் ஜி.பி.எஸ். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளை 2024 செப்டம்பரில் திருத்தி, செயற்கைக்கோள் மூலம் ஓடிய தூரத்துக்கு மட்டும் கட்டணம் எடுக்க வழி செய்தார்கள். முதல் 20 கிலோமீட்டருக்குக் கட்டணம் இல்லை என்பதும் அதில்தான் வந்தது. ஆனால் 2025 மே 1 முதல் நாடு முழுக்க இது வருகிறது என்று பரவிய செய்திக்கு, அப்படி முடிவெடுக்கவில்லை என்று மத்திய அமைச்சகமே ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. இதற்காக யாரும் இப்போது கடையில் போய்ப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

4. டிரைவருக்கு வழி சொல்லும் நேவிகேஷன். இந்தக் கட்டுரை இதைப் பற்றியது. மற்ற மூன்றையும் இத்தோடு விட்டுவிடலாம்.

செயற்கைக்கோளுக்குத் தெரிவது கொஞ்சம்தான்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் அமைப்பு. ரஷ்யாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ, நமக்கு இஸ்ரோவின் நாவிக். இன்றைய செல்போன்கள் பெரும்பாலும் இதில் பலவற்றைச் சேர்த்தே கேட்கின்றன. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது மணி இத்தனை, நான் இருப்பது இங்கே" என்று அது ஓயாமல் ஒலிபரப்புகிறது. அந்தச் சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்குப் போடுகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடி தப்பினால் இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். இந்தப் பிழையைத் தீர்க்கத்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, இது ஒருவழிச் சேவை. ரேடியோ கேட்பது மாதிரி. டவர் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். சத்தியமங்கலம் மலை அடிவாரத்தில் பண்ணாரி தாண்டியதும் மேப் வெள்ளையாகிவிடுகிறது என்றால் போனது ஜி.பி.எஸ். அல்ல, இன்டர்நெட். மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, இடம் சில மீட்டர் முன்பின் இருக்கும். உயரத்தில் பிழை இன்னும் அதிகம். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தில், வண்டி மேலே போகிறதா, கீழ்ச் சாலையில் போகிறதா என்று புள்ளியை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். சர்வீஸ் ரோட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையிலும் இதே தகராறுதான். கார்க்காரர் தப்பாக இறங்கினால் அடுத்த திருப்பத்தில் சரி செய்துகொள்வார். 14 சக்கர வண்டிக்கு அடுத்த திருப்பம் என்பது சில நேரம் அடுத்த ஊர்.

ஆக, செயற்கைக்கோள் சொல்வது 'நீ இங்கே இருக்கிறாய்' என்பது மட்டும். எந்த ரோட்டில் போகலாம் என்பது அதற்குத் தெரியாது. அது மேப்பின் வேலை.

ரூட் எப்படிப் பிறக்கிறது

கணினிக்குள் இருக்கும் மேப் ஒரு வலை. ரோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் முடிச்சு, இரண்டு முடிச்சுக்கு நடுவே ஒரு நூல். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு விலை போட்டிருக்கும். அந்த விலை பெரும்பாலும் அதைக் கடக்க ஆகும் நேரம். புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை எந்த வரிசையில் விலை குறைவாக வருகிறதோ அதுதான் நீல நிறத்தில் தெரியும் ரூட்.

தடை இருந்தால் அந்த நூலை அறுத்துவிட வேண்டும். "இந்தப் பாலத்தின் உயரம் 3.6 மீட்டர்" என்று மேப்பில் யாராவது எழுதியிருந்தால், 4 மீட்டர் உயர வண்டிக்கு அந்த நூல் அறுந்ததாகக் கணக்கு. யாரும் எழுதவில்லை என்றால்? நூல் அப்படியே இருக்கும். தடை எழுதப்படாத ரோடு தடையில்லாத ரோடாக ஆகிவிடுகிறது. லாரிகள் சந்துக்குள் மாட்டிக்கொள்ளும் கதையில் பாதிக்கு இதுதான் காரணம். கருவி கெட்டுப்போனதால் அல்ல.

மீதிப் பாதிக்குக் காரணம் 'டோல் வேண்டாம்' என்ற விருப்பம். வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என்று சேலம்–கோவை சாலையில் வரிசையாகக் கட்ட மனமில்லாமல் அதைத் தட்டிவிட்டால், செயலி விசுவாசமாக ஊர் ரோட்டைத் தேடிக் கொடுக்கும். கீழ்பவானி வாய்க்காலின் மேல் 1950களில் போட்ட குறுகிய பாலங்களைக் காரின் கண்ணோடு பார்த்து "வலது பக்கம் திரும்பவும்" என்று சொல்லும்.

லாரியின் உடம்பு

காருக்கும் லாரிக்கும் ஒரே ரோடுதான், ஒரே சட்டம் அல்ல. உயரம், அகலம், நீளம், மொத்த எடை, அச்சு எடை, சரக்கின் வகை ஆகிய ஆறையும் கேட்டு வாங்கி, அதற்கேற்ப நூலை அறுக்கும் நேவிகேஷன்தான் லாரி நேவிகேஷன். இந்த ஆறில் எதையும் கேட்காதது, பெட்டியின் மேல் லாரிப் படம் ஒட்டியிருந்தாலும், கார் நேவிகேஷன்தான்.

*உயரம்.* இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சரக்கு வண்டியின் உயர வரம்பு 2020 திருத்தத்தில் 3.8 மீட்டரிலிருந்து 4 மீட்டரானது. கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லருக்கு 4.52 மீட்டர் வரை விட்டார்கள். திருப்பூர் பனியன் சரக்கு தூத்துக்குடிக்குப் போகும் உயரமான கன்டெய்னர் ஒன்பதரை அடி, அதாவது 2.9 மீட்டர். டிரெய்லர் தளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 4.4 மீட்டர் ஆகிவிட்டது.

ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உயரத்தைச் செயலியில் போடுவதில் பயனில்லை. பஞ்சுப் பேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டிய பிறகு, மேலே துருத்தும் முடிச்சிலிருந்து தரை வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். நம் ஆட்கள் அடியில் பேசுகிறார்கள், பாலத்துப் பலகை மீட்டரில் பேசுகிறது. 4 மீட்டர் என்பது 13 அடி ஒன்றரை அங்குலம். 3.6 மீட்டர் என்பது 11 அடி 10 அங்குலம். மின்சார ரயில் ஓடும் பாதையின் கேட்டில் குறுக்கே நிற்கும் இரும்புச் சட்டம் 4.67 மீட்டர், அதாவது 15 அடி 4 அங்குலம். இந்த நான்கைந்து எண்ணைக் கேபினுக்குள் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைப்பது, பத்தாயிரம் ரூபாய்க் கருவியின் பாதி வேலையைச் செய்துவிடும்.

இன்னும் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. ஈரோட்டில் நுழைவுப் பாலம் என்றும் கரூரில் குகைவழிப் பாதை என்றும் சொல்லும் அந்த ரயில்வே பாலங்களுக்கு அடியில் தார் மேல் தார் போட்டுக்கொண்டே போனால், பலகையில் உள்ள உயரம் பழைய கதையாகிவிடும். அப்புறம், லோடோடு குனிந்து உள்ளே போன வண்டி, லோடு இறக்கியதும் பட்டை (அடியில் உள்ள ஸ்பிரிங் தகடு) நிமிர்ந்து இரண்டு மூன்று அங்குலம் எழும்பும். கன்டெய்னரைக் காலி செய்துவிட்டு அதே வழியில் திரும்பும்போது உரசுவது இதனால்தான். எந்த நேவிகேஷனும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. செயலியில் உயரம் போடும்போது அரை அடி கூட்டியே போடுவது நல்லது.

*எடையும் நீளமும் நேரமும்.* மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் திம்பம் மலைப்பாதை போதும். சத்தியமங்கலத்திலிருந்து சாம்ராஜ்நகர் போகும் தேசிய நெடுஞ்சாலை 948. 27 கொண்டை ஊசி வளைவுகள். மேப்பில் பார்த்தால் கோவையிலிருந்து மைசூருக்கு இதுவே குறுக்கு வழி. நீளமான வண்டி ஒன்று வளைவில் முன்னும் பின்னும் எடுக்கத் தொடங்கினால் இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். புலிகள் காப்பகம் என்பதால், 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, மாலை 6 முதல் காலை 6 வரை சரக்கு வண்டிகளுக்குத் தடை அமலானது. பின்னர் பகலிலும் 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், 12 சக்கரமும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும் வழி அடைந்தது.

இப்போது கார் செயலியின் பார்வையில் பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பெருந்துறையில் லோடு ஏற்றிய 12 சக்கர வண்டி மைசூருக்கு வழி கேட்கிறது. வண்டியின் சக்கரம் செயலிக்குத் தெரியாது, எடை தெரியாது. அது திம்பத்தைக் காட்டக்கூடும். பண்ணாரி சோதனைச் சாவடியில்தான் டிரைவருக்கு உண்மை தெரியும். அதற்குப் பிறகு திரும்பி வந்து சேலம், ஓசூர், பெங்களூர் சுற்றிப் போனால் தூரம் இரண்டு மடங்குக்கு மேல். அந்த டீசலுக்கு யார் பொறுப்பு என்ற சண்டை தனிக் கதை.

இதே மாதிரி நேரத் தடை பந்திப்பூர் வழியில் 2009 முதலே உண்டு, இரவு 9 முதல் காலை 6 வரை. கூடலூர்–குண்டல்பேட்டை, மைசூர்–கோழிக்கோடு சாலைகள் இரண்டுக்கும் சேர்த்து. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டியில் 36 வளைவு. அதைப் பெரிய வண்டிக்கு எந்த மேப் காட்டினாலும் நம்பாதீர்கள்.

*சரிவு.* தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில் தடை எதுவும் இல்லை, நான்கு வழிச் சாலை. ஆனாலும் அங்கே நடக்கும் விபத்துகளின் பட்டியல் நீளம். லோடு வண்டி டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும், பிரேக் சூடேறிப் பிடிமானம் விடும். நல்ல லாரி நேவிகேஷன் இறக்கம் வரும் முன்பே எச்சரிக்கும். கார் செயலிக்குத் தொப்பூர் நேர்ச்சாலை மாதிரி ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான்.

சந்தையில் இருப்பது என்ன

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லாரிக்கென்றே கருவிகள் உண்டு. கார்மின் நிறுவனத்தின் டீசல் வரிசை, டாம்டாமின் கோ எக்ஸ்பர்ட் போன்றவை. வண்டியின் அளவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வழி சொல்பவை. அங்கே இவை நன்றாக வேலை செய்வதற்குக் கருவியின் புத்திசாலித்தனம் மட்டும் காரணமில்லை. பாலங்களின் உயரமும் எடை வரம்பும் அந்த மேப்பில் ஏறியிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் ஆசையாக வாங்கி வந்த பெட்டியை இங்கே வண்டியில் மாட்டினால், உள்ளே இருப்பது அந்த ஊர் மேப். இந்திய மேப் ஏற்ற முடிந்தாலும், அதில் லாரித் தடைகள் இல்லாவிட்டால் அது விலை கூடிய கார் நேவிகேஷன்தான்.

கூகுள் மேப்ஸ் எல்லார் கையிலும் இருக்கிறது. நெரிசலைச் சொல்வதில் அதை அடிக்க ஆளில்லை. 2017 டிசம்பரில் பைக்குக்கு இந்தியாவில் தனி வழி கொடுத்தது. 2024 ஜூலையில் குறுகலான சாலைகளைத் தவிர்க்கும் வசதியை எட்டு நகரங்களில் கொண்டுவந்தது, அதில் கோவையும் ஒன்று. ஆனால் அது காரை மனதில் வைத்தது. லாரி என்று தொட ஒரு பொத்தான் அதில் இல்லை. பைக்குக்கு இருக்கிறது, பத்து டயருக்கு இல்லை!

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் பொது மேப். அதை வைத்து இயங்கும் ஆஸ்மாண்ட் போன்ற செயலிகளில் லாரி என்று தேர்ந்தெடுத்து, உயரமும் எடையும் கொடுக்கலாம். இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். குறை என்னவென்றால், நம் பகுதியில் பாலத்து உயரத்தை அதில் யாராவது எழுதியிருந்தால்தான் பலன். ஒரு நல்லதும் உண்டு: நீங்களே எழுதலாம். உங்கள் ஊர் நுழைவுப் பாலத்தின் உயரத்தை ஒருமுறை பதிந்துவிட்டால் எல்லா வண்டிக்கும் பயன்படும். சங்கங்கள் செய்ய வேண்டிய வேலை இது என்பது என் அபிப்பிராயம்.

மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் போன்ற உள்நாட்டு மேப்புகள் இருக்கின்றன. பெரிய கம்பெனிகள் நூறு இருநூறு வண்டிகளுக்குத் தங்கள் மென்பொருளில் லாரி வழியைக் காசு கொடுத்து இணைத்துக்கொள்கின்றன. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு அது எட்டாது.

யாருக்கு எது

1. நாமக்கல்லிலிருந்து வாரம் இரண்டு டிரிப் முட்டை ஏற்றிக் கேரளம் போகிற, ரூட் மாறாத வண்டி: தனியாக எதுவும் வாங்க வேண்டாம். நெரிசல் பார்க்கக் கையில் இருக்கும் போன் போதும்.

2. சங்ககிரியிலிருந்து கிடைக்கிற லோடுக்கு மும்பை, குஜராத், டெல்லி என்று போகும் பல அச்சு வண்டி: இரண்டு செயலிகள். நெடுஞ்சாலையில் நெரிசலுக்கு ஒன்று, ஊருக்குள் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கு லாரி அளவு கொடுக்கக்கூடிய மற்றொன்று. சிக்கல் எப்போதும் அந்தக் கடைசிப் பத்தில்தான். நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் முன், லோடு இறக்கும் இடத்துக்கே போன் போட்டு "டாரஸ் (பல அச்சுப் பெரிய லாரி) வருமுங்களா, எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்பது இன்றைக்கும் எல்லாச் செயலியையும் விட நம்பகமானது.

3. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி: இவர்களுக்குத்தான் நேவிகேஷன் உண்மையில் தேவை. பேர் தெரியாத கிராமத்தில், ரோடு முடிந்த இடத்தில் வேலை. டவர் இருக்காது. இறக்கி வைத்த மேப், எடை கொடுக்கும் வசதி, கூடவே செயற்கைக்கோள் படம் பார்க்கும் வசதி வேண்டும். மேப்பில் ரோடு என்று காட்டுவது படத்தில் மாட்டுவண்டித் தடமாக இருக்கும்.

4. கேஸ் டேங்கர்: சரக்கு வகைக்கான தடை எந்தப் பொதுச் செயலியிலும் ஒழுங்காக இல்லை. கம்பெனி எழுதிக் கொடுத்த ரூட்டே ரூட். செயலி வேறு சொன்னால் செயலியை விடுங்கள்.

கேபினுக்குள்

லாரி பேட்டரி 24 வோல்ட். கார் கடையில் வாங்கும் மலிவு சார்ஜர் 12 வோல்ட்டுக்கு மட்டும் என்றிருந்தால் புகைந்துவிடும். '12–24' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்றாலும், ஓடுகிற வண்டியில் பெரும்பாலானவை பழையவை. சித்திரை வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிய போன் சூடாகி, சரியாகத் திருப்பம் வரும்போது அணையும். போனை ஏ.சி. இல்லாத வண்டியில் கண்ணாடியில் ஒட்டாமல், டேஷ்போர்டில் நிழல் விழும் இடத்தில் ஸ்டாண்டு போட்டு வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? வண்டி ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பேசுவது குற்றம். 2020 அக்டோபரில் அமலான விதித் திருத்தத்தின்படி, வழி பார்க்க மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். எனவே சேரும் இடத்தை வண்டி நிற்கும்போதே போட்டுவிட்டு, தமிழ்க் குரலை வைத்துக்கொள்வதுதான் வழி.

வாங்கும் முன் மூன்று சோதனை

கடைக்காரர் காட்டும் படத்தை விட்டுவிட்டு, கருவியையோ செயலியையோ கையில் வாங்கி, உங்கள் வண்டியின் அளவுகளைப் போட்டுப் பாருங்கள்.

1. உங்கள் ஊரில் உயரம் குறைவான ஒரு ரயில்வே பாலத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். பாலத்தின் வழியே கோடு போட்டால் அதற்கு உயரம் தெரியாது.

2. போனை விமானப் பயன்முறையில் போட்டு வழி கேளுங்கள். கேட்ட உடனே கைவிரித்தால் மலைக்கு உதவாது.

3. 12 சக்கரம், 30 டன் என்று கொடுத்து, சத்தியமங்கலத்திலிருந்து சாம்ராஜ்நகருக்கு ராத்திரி பத்து மணிக்கு வழி கேளுங்கள். ஓசூர் பக்கம் சுற்றிவிட்டால் விலை பேசலாம். திம்பம் என்று சொன்னால், அதே வேலையை உங்கள் போன் ஏற்கெனவே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது.